பேப்பர் சுற்ற வேண்டாம், பாய்

கொடைக்கானல் பஜாரில் மருந்து வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. தலைவலி, காய்ச்சல், பிரஷர், சுகர் மாத்திரைகளை அப்படியே கையில் தருவார்கள். வாந்தி மாத்திரைக்கு மருந்துக்கடையே வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் எலுமிச்சம்பழத்துக்கும் புளிப்பு மிட்டாய்க்கும் நடுவில் தொங்கும், கத்தரித்துக் கொடுப்பார்கள். சில சாமான்களை மட்டும் நாம் கேட்காமலேயே பழைய நியூஸ் பேப்பரில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, நம் முகத்தைப் பார்க்காமல் நீட்டுவார்கள். பெண்களின் மாதச் சாமான் அதில் ஒன்று. மனசுக்கான மாத்திரை இன்னொன்று. அந்தப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பஜாரே புரிந்துகொள்ளும். அதற்குப் பயந்து மலையிறங்கிப் போய் வாங்குகிறவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் இறங்கினேன்.

நான் ஒரு மிஷன் ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு டீச்சர். போன வருஷம் ஜனவரியில், போர்டில் கழித்தல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் பிடித்த கை நடுங்கியது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. மூச்சு உள்ளே போக மாட்டேன் என்றது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் முன்னால் விழக்கூடாது என்று வராண்டாவுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லாருக்கு டீச்சர், பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்திருப்பதே பயம்தான். அதைப் படாதே என்றால் நான் என்ன செய்ய? பிறகு அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதெல்லாம் வர ஆரம்பித்தது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மலைக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்; இந்த மலையிலேயே பிறந்தவளிடம்! காபியை விடச் சொன்னார்கள், விட்டேன், தலைவலிதான் வந்தது. எங்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துகிற அக்கா வீட்டுக்கே வந்து, "விசுவாசம் கொறஞ்சா இப்படித்தான் பயம் உள்ள வரும். மாத்திரை கீத்திரைன்னு போயிராத" என்றார். நானும் ஜெபிக்கிறவள்தான், தினமும் முழங்கால் போடுகிறவள்தான். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, முட்டி ஆபரேஷனுக்கு நீங்க மதுரைக்குப் போனீங்க. அப்ப நான் வந்து ஒங்க விசுவாசம் எங்கன்னு கேட்டேனா?" என்றேன். அக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

என் கணவரின் வைத்தியம்தான் எல்லாவற்றிலும் சுலபமானது. வட்டக்கானலில் ஒரு காட்டேஜுக்கு மேனேஜர் அவர். கெஸ்ட் என்ன குறை சொன்னாலும் ரூமை மாற்றிக் கொடுத்துத் தீர்த்துவிடுவார். "வேலைய விட்டுரு. வீட்ல நிம்மதியா கெட. எல்லாம் சரியாயிரும்" என்றார். அன்பில்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வகுப்பறை ஒன்றில்தான் நான் யாருக்கும் பெண்டாட்டியும் இல்லை, மருமகளும் இல்லை. அதையும் பிடுங்கிவிட்டால் மீதி நெஞ்சுப் படபடப்பு மட்டும்தான்.

மே மாதம் லீவில் திண்டுக்கல்லில் ஒரு மனநல டாக்டரிடம் போனேன். என் வயதுதான் அந்த அம்மாவுக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாத்திரைகளைப் பற்றி நிதானமாகச் சொன்னார். "ஒன்னு இருக்கு. போட்டதும் வெரசா படபடப்ப அடக்கும், ஆனா ஒடம்பு அதுக்குப் பழகிரும், அதனால கொஞ்ச நாளைக்குத்தான் தரலாம். இன்னொன்னு நல்லா தூக்கம் வரும், பசிக்கும், வெயிட் ஏறலாம், காலைல தலை பாரமா இருக்கலாம். மூணாவது மெதுவா வேலை செய்யும். ஆரம்பத்துல வயித்தப் பெரட்டும், படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யும். பலன் தெரிய நாலஞ்சு வாரம் ஆகும். நீங்களா திடீர்னு நிறுத்தக் கூடாது. கடைசி ரெண்டும் டிப்ரஷனுக்குத் தர்றதுதான், பதற்றத்துக்கும் கேக்கும்."

"எனக்கு டிப்ரஷன் இல்ல டாக்டர். கோபம்தான் இருக்கு."

டாக்டர் சிரித்தார். "கோபத்துக்கு நான் மாத்திரை தர்றதில்ல, அது ஒங்ககிட்டயே இருக்கட்டும். சொல்லுங்க, ஒங்களுக்கு எது தோதுப்படும்?"

நான்கு மாதத்தில் என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "ஒருத்தன் ஜன்னல்ல ஏறுவான், ஒருத்தி பென்சில மூக்குல விடுவா. அங்க நின்னுகிட்டு தூங்கி வழிஞ்சா ஆகாது டாக்டர். வயித்தப் பெரட்டினா பெரட்டிட்டுப் போகுது. மூணாவதக் குடுங்க" என்றேன். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றேன்.

சத்தியமாக இல்லை என்றுதான் நினைத்தேன். காலையில் மலையிறங்கும்போது ஒரு வாந்தி மாத்திரை போட்டிருந்தேன். திரும்பும்போது வத்தலக்குண்டில் இன்னொன்று போட்டேன். எங்கள் ஊர்க்காரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதை மாத்திரைக் கணக்கில் சேர்க்க மாட்டாள். அது டிக்கெட் மாதிரி, மலைப் பஸ் ஏறினால் போடுவது, அவ்வளவுதான். நடுவில், திண்டுக்கல்லில் சாப்பிட்டு முடித்ததும், டாக்டர் தந்த புது மாத்திரையில் முதல் ஒன்றையும் விழுங்கியிருந்தேன்.

சீசன் நேரம். மலைப்பாதை முழுக்கக் காரும் வேனும் அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் நகர்ந்து நின்று நகர்ந்து நின்று ஏறியது. நான் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. தோளை யாரோ தட்டினார்கள். "டீச்சர், எந்திரிங்க. பூண்டி வந்துருச்சு."

பூண்டியா! கொடைக்கானலைத் தாண்டி மலைக்குள் இன்னும் அவ்வளவு தூரம் போக வேண்டிய ஊர். அந்த பஸ் பூண்டிக்குப் போகிற பஸ். கண்டக்டரின் மகன் என்னிடம் படித்தவன். கொடைக்கானலில் இரண்டு தரம் எழுப்பினாராம், நான் இரண்டு தரமும் "சரி, ஒக்காரு" என்றேனாம். இறங்கினால் சாயங்காலக் குளிர், சுற்றிலும் மூட்டை மூட்டையாகப் பூண்டு, நடுவில் கைப்பையோடு நான்.

கணவர் ஜீப் எடுத்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், "ஒத்த மாத்திரைக்கே பூண்டி. அட்டைய முடிச்சா எங்க போய் எறங்குவ?" என்றார். சிரிப்பு வந்திருக்க வேண்டிய பேச்சு. எனக்கு அழுகை வந்தது. எனக்கே அந்த மாத்திரை மேல் பயம் வந்துவிட்டது. அட்டையை எடுத்து பீரோவுக்குள் சேலைக்கடியில் வைத்தேன்.

அதோடு போயிருக்கும். ஆனால் அந்த வாரமே எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் போன் செய்தார். "ஒடம்ப நல்லா பாத்துக்கோங்க டீச்சர். ஒங்க கிளாஸுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லிட்டுப் போனாரு ஒங்க வீட்டு சார்" என்றார்.

போனை வைத்துவிட்டு நேராக வட்டக்கானலுக்கு நடந்தேன். காட்டேஜ் வாசலில் கெஸ்ட்டுகள் லக்கேஜோடு நின்றுகொண்டிருந்தார்கள். நிற்கட்டும். "என்னங்க, ஒங்க காட்டேஜ் சாவிய நான் போய் ஓனர்கிட்ட ஒப்படைச்சா சும்மா இருப்பீங்களா? என் வேலைய விடுறதுக்கு நீங்க யாரு?" என்று கத்தினேன். "ஒன் நல்லதுக்குத்தான..." என்று ஆரம்பித்தார். "என் நல்லது கெட்டது எனக்குத் தெரியும். ஜூன்ல நான் கிளாஸுக்குப் போறேன். நீங்க ஒங்க சோலியப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஏறி வரும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. அடித்தால் அடி என்று விட்டுவிட்டேன். அங்கிருந்தே சிஸ்டருக்குப் போன் செய்து, ஆள் பார்க்க வேண்டாம், நான் வருகிறேன் என்றேன்.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ்ஸில் மறுபடி திண்டுக்கல். இந்தத் தரம் எந்த மாத்திரையும் இல்லை, வாந்தி மாத்திரைகூட இல்லை. தெளிந்த தலையோடு போய் அந்த டாக்டரைக் கேட்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம். ஜன்னல் ஓர சீட்டும் ஒரு எலுமிச்சம்பழமும்தான் துணை. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். மானம் போகிறதே என்று ஒரு துளி வெட்கம் இல்லை எனக்கு.

பூண்டிக் கதையைச் சொன்னேன். "அன்னைக்குக் காலைல எழுந்ததுலருந்து சொல்லுங்க, வாயில போட்ட எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார் டாக்டர். இட்லியிலிருந்து ஆரம்பித்தேன். வாந்தி மாத்திரை வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "எத்தன?" "போகும்போது ஒன்னு, வரும்போது ஒன்னு." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர், அதுல தூக்கம் வரும்னு ஒங்க ஊர்ல பச்சப் பிள்ளைக்கும் தெரியுமே. ஒங்கள பூண்டி வரைக்கும் கூட்டிட்டுப் போனது பெரும்பாலும் அதுதான். நான் குடுத்ததையும் அதையும் சேத்துப் போடவும் கூடாது." எனக்கு என் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பதற்றத்துக்கான மாத்திரையை வேண்டுமானால் மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். "மாத்த வேணாம் டாக்டர். நான் பாத்து எடுத்தது. அதையே பாக்குறேன்" என்றேன்.

அடுத்த இரண்டு வாரம் நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. கை கூடுதலாக நடுங்கியது. கணவர், நான்தான் அப்பவே சொன்னேனே என்கிற முகத்தோடு வீட்டில் சுற்றிவந்தார். அந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தினமும் காலை இட்லி முடிந்ததும் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பீரோவிலிருந்த அட்டை சாப்பாட்டு மேஜைக்கு, உப்பு ஜாடி பக்கத்துக்கு வந்துவிட்டது.

ஜூனில் ஸ்கூல் திறந்தது. முதல் நாள் போர்டு முன்னால் நின்றபோது நெஞ்சு அடிக்கத்தான் செய்தது. ஆனால் மூச்சு உள்ளே போனது. கை தேதியை எழுதியது, கோணலாக எழுதியது, எழுதி முடித்தது. அழுதுகொண்டிருந்த ஒரு பெண் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே அட்டெண்டன்ஸ் எடுத்தேன். வராண்டாப் பக்கம் போகவேயில்லை.

அந்த வாரம் மாத்திரை தீர்ந்தது. சனிக்கிழமை கணவரோடு பஜாருக்குப் போனேன். "திண்டுக்கல்லயே வாங்கிக்கலாமே" என்றார். "இங்க கெடைக்கிறத எதுக்குப் பஸ் ஏறி வாங்கணும்?" என்றேன். நாங்கள் வழக்கமாகப் போகும் மருந்துக்கடை பாய், சீட்டைப் பார்த்ததும் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். உள்ளே போய் எடுத்துவந்தார். நியூஸ் பேப்பரைக் கிழித்தார்.

"பேப்பர் சுத்த வேணாம் பாய். அப்படியே குடுங்க."

"இருக்கட்டும் டீச்சர், ஆளுங்க நிக்கிறாங்க..."

"நிக்கட்டும் பாய். குடுங்க."

நின்றது யார் என்று திரும்பினால், ஜெபக் கூட்டத்து அக்கா, முட்டிக்குத் தடவும் தைலத்தோடு. என் உள்ளங்கையில் இருந்த அட்டையைக் குனிந்து பார்த்தார். "என்ன மாத்திரை டீச்சர்?"

நான் வாயைத் திறக்குமுன் என் கணவர் முந்திக்கொண்டார். "ஒன்னுமில்லக்கா. பஸ்ஸுக்குப் போடுற வாந்தி மாத்திரை."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடை முழுக்கக் கேட்கும்படி, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் பேசுகிற சத்தத்தில் சொன்னேன். "அவரு பொய் சொல்றாருக்கா. இது பதற்றத்துக்கு, தெனம் சாப்பிடுறேன். வாந்தி மாத்திரை போட்டா நான் பூண்டிக்குல்ல போயிருவேன். இதப் போட்டாத்தான் ஸ்கூலுக்குப் போவேன்."