சந்தனம் பூசிய ட்ரோன்

ஆகாயம் ஒருவருக்கும் சொந்தமில்லை என்றுதான் நான் நம்பியிருந்தேன். காணிக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறது, கடலுக்குக் கடற்படை இருக்கிறது, மேலே காகம் மட்டும்தானே என்பது என் எண்ணம். இருபத்தைந்து வருடமாகக் கல்யாண வீடுகளில் கமெராவைத் தூக்கித் திரிந்தவனுக்கு, கமெரா தானாகவே பறக்கும் என்றால் வேறென்ன வேண்டும்? ட்ரோனை வாங்கிய அன்றே, வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டின் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஏவினேன்.

மூன்று நிமிடம் ராசா மாதிரிப் பறந்தது. நான்காவது நிமிடம், பக்கத்துக் கட்டிடத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அன்ரி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த நாய் இஞ்சை எட்டிப் பாக்கிறது? இப்பவே பொலிசுக்குப் போன் அடிக்கிறன்!"

அந்த நாய் உடனே ட்ரோனை இறக்கி, படியால் விழுந்தடித்து ஓடி, வீட்டு அரிசி வாளிக்குள் அதை வைத்து மூடியது. அரை மணித்தியாலத்தில் வாசல் மணி அடித்தது. மூன்று மொழியிலும் வாக்குமூலத்தை மனதுக்குள் தயாரித்தபடி கதவைத் திறந்தேன். மேல்வீட்டுக்குப் போகவேண்டிய கொத்துரொட்டியோடு ஓர் ஆள் நின்றார்.

அதன் பிறகுதான் விசாரித்தேன். ட்ரோனைப் பதியவேண்டுமாம். தொழிலுக்குப் பறக்கவிடுவதென்றால் எழுத்துப் பரீட்சை ஒன்று, பறக்கவிட்டுக் காட்டும் பரீட்சை ஒன்று, இரண்டிலும் பாஸாகி லைசன்ஸ் எடுக்கவேண்டுமாம். சரி, ஆறுதலாகப் பார்ப்போம் என்று அரிசிக்குள்ளேயே விட்டுவைத்தேன்.

ஆறுதலாக இருக்க விடாதவர், கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும், என் பழைய வாடிக்கையாளரான ஓர் அண்ணை. அவருடைய மகளின் முதலாவது பிறந்தநாள், ஏடு தொடக்கியது, பெரியபிள்ளையான சாமத்திய வீடு எல்லாம் நான் எடுத்த படங்கள்தான். இப்போது அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம்.

"தம்பி, மாப்பிள்ளை பகுதிக்கு மேல இருந்து எடுத்த வீடியோவும் வேணுமாம். உம்மட்டை அதுக்கு லைசன்ஸ் இருக்கோ?"

"வந்துகொண்டிருக்கு, அண்ணை."

"எங்க வருது?"

"பம்பலப்பிட்டி தாண்டிட்டுது."

அவர் சிரிக்கவில்லை. "பகிடி விடாதையும். கலியாணத்துக்கு முதல் கையில கொண்டுவந்து காட்டும். இல்லாட்டி அவையள் சொல்லுற ஆளுக்குத்தான் முழு வேலையும் போகும். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. முழங்காலில் தவழ்ந்த காலத்திலிருந்து நான் படமெடுத்த பிள்ளை, தாலி ஏறும் நேரத்தில் வேறு எவனையோ பார்த்துச் சிரிக்கப்போகிறது. அந்த நினைப்பு வந்ததும் ட்ரோனை அரிசிக்குள்ளிருந்து எடுத்தேன்.

ஐம்பது வயதில் பரீட்சைக்குப் படிப்பது ஒரு தனிச் சுகம். படித்த பக்கத்தைத் திருப்பினால் படித்தது போய்விடும். கொப்பி எப்போதும் புதிது. சமையலறையில் வெங்காயம் உரித்தபடி மனைவி கேள்வி கேட்பார்.

"இஞ்சருங்கோ, பறந்துகொண்டிருக்கேக்க காத்து கூடினா என்ன செய்வியள்?"

"யன்னலைச் சாத்துவன்."

"இப்பிடியே எழுதிட்டு வாங்கோ. வடிவா இருக்கும்."

எழுத்துப் பரீட்சையில் எப்படியோ பாஸாகிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் தாளை எட்டி எட்டிப் பார்த்த ஞாபகம். அவருடைய கதி என்னவாயிற்றோ தெரியாது.

அடுத்தது பறக்கவிட்டுக் காட்டும் பரீட்சை. ஏவுவதற்கு முதல் ஒரு பட்டியலை உரத்துச் சொல்லி, ஒவ்வொன்றையும் பார்த்துச் 'சரி' என்று உறுதிப்படுத்தவேண்டும். பற்றரி, விசிறி, சென்சர், காற்று, சுற்றிவர ஆட்கள். நான் அதை மனப்பாடம் செய்தேன். குளிக்கும்போது சொன்னேன், காலி வீதியில் பஸ்ஸுக்குள் சொன்னேன். மூச்சு விடாமல் பன்னிரண்டு செக்கனில் முடித்தேன். அவ்வளவு வேகமாகச் சொன்னால் எந்தப் பரீட்சகரும் மிரண்டுவிடுவார் என்பது என் நம்பிக்கை.

பரீட்சைக்கு முதல் நாள் காலை மனைவி புதிதாக ஒன்று தொடங்கினார்.

"புது வாகனம் எடுத்தா கோயிலுக்குக் கொண்டுபோறதெல்லோ?"

"இது வாகனமே? ஆரையும் ஏத்தாது."

"லைசன்ஸ் கேக்கினம் எண்டால் வாகனம்தான்."

அவருடைய தர்க்கத்தை வென்றவர் இன்னும் பிறக்கவில்லை. தவிர, அன்று எனக்கு இருந்த பயத்துக்கு, குடையைக்கூடக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்திருப்பேன்.

ஐயர் எத்தனையோ வானுக்கும் ஓட்டோவுக்கும் பூசை செய்தவர். ட்ரோனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இதுக்கு எது முன்பக்கம்?"

"இந்தக் கண் ரெண்டும் இருக்கிற பக்கம், ஐயா," என்று விபரம் தெரிந்தவனாகக் காட்டினேன்.

அந்த இரண்டு கண்ணிலும் அளவெடுத்தாற்போல் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். டயர் இல்லாததால் நான்கு காலின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம்.

"இப்ப ஓட்டுங்கோ."

"இஞ்சை பறக்கவிட ஏலாது, ஐயா. சட்டம்," என்றேன் பெருமையோடு. மனைவி உள்ளங்கையால் ட்ரோனை அமத்திப் பழங்களை நசித்தார். "நாளைக்கு முடியுமட்டும் பொட்டைத் துடைக்கக் கூடாது" என்று கட்டளையும் இட்டார்.

பரீட்சை, கொழும்புக்கு வெளியே ஒரு பெரிய மைதானத்தில். பரீட்சகர் அமைதியான சிங்கள மனிதர். நான் பட்டியலைப் பொழிந்தேன். "பற்றரி சரி, விசிறி சரி, சென்சர் சுத்தம் சரி..." பன்னிரண்டு செக்கன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ட்ரோன் எழும்பியது. ஆடாமல் அசையாமல் நின்றது. முன்னால் வைத்திருந்த அடையாளம் வரை கொண்டுபோகச் சொன்னார். முன்னால் தள்ளினேன். போகவில்லை. இன்னும் தள்ளினேன். 'முன்னால் தடை' என்று திரை கத்தியது. முன்னால் புல்லும், அதற்கப்பால் ஒரு மாடும்தான் இருந்தன. பின்னால் இழுத்தால் அழகாக வந்தது. முன்னால் என்றால் மாட்டேன் என்றது. காலி வீதி பஸ் ஒன்றுக்கும் இல்லாத ஒழுக்கம் அதற்கு எங்கிருந்தோ வந்திருந்தது. மோட்டர் பழுதோ, செய்மதிச் சிக்னல் பழுதோ, உடுப்புக் காயப்போட்ட அன்ரியின் சாபமோ என்றெல்லாம் யோசித்தேன். சந்தனத்தை மட்டும் யோசிக்கவில்லை.

இறக்கச் சொன்னார். குனிந்து, சென்சர் கண்களில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மே மொகத்த?" என்ன இது என்று கேட்டார்.

"பூஜாவக் களா, சேர்." பூசை செய்தது என்றேன்.

"ட்ரோன் எக்கடத் பூஜா?" ட்ரோனுக்குமா பூசை என்று வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரைவிடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்த மனிதர் பெயில் போடமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் சிரித்து முடித்து, பூசையில் பிழையில்லை, தன் காரிலும் பிக்கு ஓதிக் கட்டிய பிரித் நூல் இருக்கிறது என்றார், சிங்களத்திலேயே. "ஆனால் சென்சர் சுத்தம் என்று சொன்னீர்களே, பார்த்தா சொன்னீர்கள்?"

மூன்று மொழியிலும் மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளில் 'பெயில்' என்று எழுதினார். அடுத்த பரீட்சை ஐந்து கிழமைக்குப் பிறகு. கல்யாணத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார். "சந்தனத்தாலயோ?"

"இல்லை. என்ரை வாயால."

பிறகு கொட்டாஞ்சேனைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, சரிவரேல்லை."

"பிள்ளை கேப்பாள், தம்பி. அவளுக்கு நீர்தான் எடுக்கவேணும்."

"தெரியும், அண்ணை."

"எண்டாலும் நான் மாப்பிள்ளை பகுதிக்கு வாக்குக் குடுத்திட்டன்."

"ஓம்."

"மனிசியையும் கூட்டிக்கொண்டு வாரும். கமெரா இல்லாமல் வாரும்."

போனேன். மூன்றாவது வரிசையில் இருந்தேன். வேறு ஓர் ஆள் அனுமதிக் கடிதத்தோடு வந்து, மண்டப வாசலில் ட்ரோனை ஏவினார். அது முன்னாலும் போனது, பின்னாலும் வந்தது. தாலி கட்டும் நேரம் பிள்ளை அவருடைய கமெராவைப் பார்த்துத்தான் சிரித்தது. இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகக் கல்யாணச் சாப்பாட்டைச் சூட்டோடு சாப்பிட்டேன். மூன்று கிழமை கழித்து இரண்டாம் தரம் பரீட்சைக்குப் போய்ப் பாஸானேன்.