ஓனோரினின் துணிக்கொடி

ஓனோரின் பிரான்சில் மூர்மெலோன் முகாமில் இருந்த பட்டாளத்துக்குத் துணி வெளுப்பவள். அவளுடைய துணிக்கொடி சமவெளியின் ஓரத்தில், விமானக் கொட்டகைகளுக்கு எதிரே இருந்தது. 1909 கோடையில் அங்கே பறக்கப் பழகியவர்கள் விடிந்ததும் முதலில் பார்த்தது அந்தக் கொடியைத்தான். விரிப்புகள் அசையாமல் தொங்கினால் காற்று இல்லை. விமானத்தை வெளியே தள்ளலாம்.

மரச்சட்டத்தில் வெள்ளைத்துணியை இழுத்துக் கட்டிய விமானம் பனிமூட்டத்துக்குள் மிதந்து போகும்போது, தன் விரிப்புகளில் ஒன்றுதான் நழுவிப் போகிறதோ என்று அவளுக்குத் தோன்றும்.

"மதாம், இன்னைக்குக் காத்து எப்படி?" என்று மெக்கானிக் ஃபிர்மேன் கத்துவான்.

"நான் துணி துவைக்கிறவ. பாதிரியார்கிட்ட போய்க் கேளுடா!"

அவனுடைய முதலாளி அன்செல்முக்கு ஒரே ஆசை: ஒரு மணி நேரம் இறங்காமல் பறக்க வேண்டும்.

செப்டம்பரில் ஒரு காலை, முகாமிலிருந்து கம்பளிகள் வந்தன. பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வலித்தது. மிச்சத்தைச் சொட்டச் சொட்டவே கொடியில் போட்டாள். ஈரக் கைகளை உதறியபோது ஒரு பக்கம் மட்டும் சில்லிட்டது. மேற்குக் காற்று. கம்பளிகளோ சுவர்போல அசையாமல் நின்றன. எதிரே இயந்திரம் உறுமத் தொடங்கியது.

அவளுக்கு விளங்கிவிட்டது. ஓடினாள். கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. தலைத்துணியை அவிழ்த்து உயரப் பிடித்தாள். அது படபடவென்று பறந்தது. அன்செல்ம் அதைப் பார்த்தான். இயந்திரம் நின்றது.

"என்ன மதாம், கல்யாண ஊர்வலமா?" என்று ஃபிர்மேன் சிரித்து முடிப்பதற்குள் ஒரு காற்றுவீச்சு வந்து இடது இறக்கையைத் தூக்கியது. நாலு பேர் அதில் தொங்கித்தான் அடக்கினார்கள்.

அன்செல்ம் வெளிறிப்போய் இறங்கினான். "கம்பளி அசையவே இல்லீங்களே?"

"ஒவ்வொண்ணும் ஒரு வாளித் தண்ணி குடிச்சிருக்கு, எங்க அசையும்? நான்தான் பிழியாம போட்டுட்டேன்."

மூன்றாம் நாள் விடியலில் அவனே கொடியருகே வந்தான். "நீங்க சொன்னாத்தான் ஏறுவேன்."

அவள் கைகளை நனைத்து நீட்டி, வெகுநேரம் கண்ணை மூடி நின்றாள். இரு பக்கமும் ஒரே குளிர்ச்சி.

"போயிட்டு வாங்க, தம்பி."

விமானம் வெளிச்சத்தில் கரைந்தது, திரும்பி வந்தது, மறுபடியும் கரைந்தது. முகாமிலிருந்து சார்ஜண்ட் வந்து நின்றார்.

"விரிப்பெல்லாம் எங்க?"

"தொட்டியில ஊறுது. அவரு இறங்கட்டும்," என்றாள் ஓனோரின், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.