கோழிக்கூட்டின் மேல் ஒரு முன்கண்ணாடி

பதுளைக் கடைத்தெருவில் நான் படங்களுக்குச் சட்டம் போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், என் கடைக்கு எதிரேதான் லிங்கம் வாடகைக்கு ஓட்டும் தன் ஹயரிங் காரை நிறுத்துவான். வேலைக்கு அஞ்சுகிறவன் அல்ல. பூனாகலைக்கு ஒரே நாளில் இரண்டு முறை போய்வரச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே போவான். ஆனால் ஒரு பொருளை இருந்த இடத்திலிருந்து எடுத்து எறி என்றால் மட்டும் அவனுக்குக் கை வராது. செத்துப்போன பேட்டரி மூன்று வருஷம் டிக்கியிலேயே பயணம் செய்தது.

அவன் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். வெள்ளைக்காரத் துரையின் காரைக் கழுவத் தொடங்கி, பிறகு அதையே ஓட்டக் கற்றுக்கொண்டான். முப்பத்தெட்டில் துரை சீமைக்குத் திரும்பும்போது அந்தப் பழைய மோரிஸை இவனுக்கே விற்றுவிட்டுப் போனார். அதன் முன்கண்ணாடியில், இடது மூலையில், வட்டமான தகரக் கூடு ஒன்று ஒட்டியிருந்தது. காரின் வருஷ லைசென்ஸை அதில்தான் வைக்க வேண்டும். மற்றவர்கள் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார்கள். லிங்கமோ பழையதற்கு முன்னாலேயே புதியதைச் செருகிவிடுவான். கூடு வருஷத்துக்கு வருஷம் உப்பிக்கொண்டே வந்து, கடைசியில் மூட முடியாமல் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏண்டா, அந்தக் குப்பையை எடுத்துப் போட்டா கை முறிஞ்சிடுமா?"

"இருக்கட்டும் அண்ணே, அதுபாட்டுக்கு இருக்கு" என்பான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஆயுத பூசைக்குக் காரைக் கழுவிச் சந்தனம் பூசி, மாலை போட்டு, என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, உங்க கைராசிக்கு நீங்கதான் தேங்கா ஒடைக்கணும்" என்றான். புகழ்ந்தால் எனக்குத் தலை கால் புரியாது. ஓங்கி அடித்தேன். கல்லில் பட்ட தேங்காயின் ஒரு பாதி எகிறிப் போய் முன்கண்ணாடியின் நடுவில் மோதியது. நல்ல வேளை, உள்ளே பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய கண்ணாடி என்பதால் உதிரவில்லை. ஆனால் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் சிலந்தி வலை பின்னியதுபோல் விரிசல் விட்டது.

லிங்கத்தின் மனைவி வடிவம்மா, "இதென்ன கெட்ட சகுனம்!" என்று அழத் தொடங்கிவிட்டாள். எனக்கோ எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

லிங்கம் தேங்காயை எடுத்துப் பார்த்தான். "தேங்கா சரிபாதியாத்தானே ஒடைஞ்சிருக்கு! நல்ல சகுனந்தான், போ" என்றான் அவளிடம்.

உடைத்தவன் நான், மாற்றிக் கொடுக்க வேண்டியவனும் நான்தான். பள்ளத்தில் உருண்டு நொறுங்கிய ஒரு காரில் தப்பிய பெரிய கண்ணாடி, பழுது பார்க்கும் ஸமீமின் கராஜில் சாய்த்து வைத்திருந்தது. அதை வாங்கி வந்தேன். மோரிஸின் கண்ணாடி தட்டையானது, அதனால் பிழைத்தேன். இரு பக்கமும் வைரக் கத்தியால் கோடு கிழித்து, தட்டிப் பிளந்து, கோட்டில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தினேன். நடுவிலிருந்த தாள் இளகியதும் சவர பிளேடால் அறுத்து எடுத்தேன். லிங்கம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அன்றைக்கு எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

பழைய கண்ணாடியிலிருந்து தகரக் கூட்டைத்தான் பெயர்க்க முடியவில்லை. அந்த வருஷத்து லைசென்ஸை மட்டும் உருவிப் புதுக் கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தேன். பழைய கண்ணாடி அந்தத் தகரக் கூட்டோடு என் வீட்டுக்கு வந்து, என் மனைவி யோகம்மாவின் கோழிக்கூட்டுக்குக் கூரையானது.

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் எல்லாம் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தன. முப்பத்தொன்பதிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் இங்கேயே இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டும். மாசி மாதம் லிங்கத்துக்கு விசாரணை வந்தது. சாட்சியாக நானும் போனேன். அதிகாரி இங்கிலீஷில் கேட்பார். யாழ்ப்பாணத்துக் கிளார்க் கனகசுந்தரம் தமிழில் சொல்வார்.

"நாற்பத்திரண்டிலயிருந்து அரிசிக் கூப்பன் புத்தகம் இருக்குது. அதுக்கு முந்தின மூண்டு வருசத்துக்கும் என்ன இருக்குது?"

"கார்ப் புத்தகம் இருக்குங்களே."

"அது கார் வாங்கினதைத்தான் காட்டும். நீர் இஞ்சை இருந்ததைக் காட்டாது. மத்தியானத்துக்குப் பிறகு ஐயா முடிவு எழுதப் போறார். வேறை ஏதும் இருந்தால் கொண்டுவாரும்."

வெளியே வந்த லிங்கம் காரின் மட்கார்டில் சாய்ந்து நின்றான். எப்போதும் சிரிக்கிறவன் சிரிக்காவிட்டால் பார்க்கவே பயமாக இருக்கிறது. "அண்ணே, இந்தியாவில எந்த ஊருக்குப் போகச் சொல்லுவாங்க? எனக்கு அங்க ஒரு ரோடுகூடத் தெரியாதே" என்றான்.

அவன் தோளுக்குப் பின்னால் முன்கண்ணாடி பளபளத்தது. நான் போட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏறுடா வண்டியில!"

கோழிகள் கத்த, யோகம்மா அதைவிடச் சத்தமாகக் கத்த, கோழிக்கூட்டின் கூரையைத் தகரக் கூட்டோடு பிடுங்கிக் காரில் போட்டோம். விசாரணைக் கந்தோருக்குள் இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததும் கனகசுந்தரம் எழுந்தே விட்டார். "இதென்ன காணும் இது? கோழிப்பீ எல்லாம் கிடக்குது!"

"ஐயா, கொஞ்சம் சுடுதண்ணி மட்டும் குடுங்க" என்றேன்.

கண்ணாடியில் ஒட்டிப்போன பழைய சாமிப்படங்களைக் கிழியாமல் பிரிப்பது என் தொழில். ஈரத்தில் ஊறிக் காய்ந்த தாள்கள் ஒரே அட்டையாகிக் கிடந்தன. நீராவி காட்டி மெல்லிய பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் வைத்தேன். ஐம்பத்து மூன்று. ஐம்பத்திரண்டு. அதிகாரியும் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார். நாற்பத்தொன்று வந்தது, நாற்பது வந்தது. ஒவ்வொன்றிலும் லிங்கத்தின் பெயர், பதுளை விலாசம், முத்திரை. கடைசித் தாள் தகரத்தோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. பிளேடைச் சாய்த்து மெல்லப் பிரித்தேன். பாதிப் பெயரைத் துரு தின்றிருந்தது. ஆனால் வருஷம் தெளிவாக இருந்தது. முப்பத்தொன்பது.

அதிகாரி ஏதோ கேட்டார். கனகசுந்தரம் சொன்னார்: "பழசை ஏன் எடுத்து எறியேல்லை எண்டு ஐயா கேக்கிறார்."

லிங்கம் தலையைச் சொறிந்தான். "நான்தான் எங்கயும் போகலீங்களே, ஐயா."

அதிகாரி அந்தக் கடைசித் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார்.

எட்டு மாதம் கழித்துப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் தபாலில் வந்தது. என்னிடம் இருந்ததிலேயே நல்ல தேக்குச் சட்டத்தை எடுத்து, கண்ணாடியும் வெட்டித் தயாராக வைத்திருந்தேன். லிங்கம் வந்து காரை எதிரே நிறுத்தினான், ஆனால் இறங்கவில்லை. சான்றிதழை எட்டாக மடித்து, முன்கண்ணாடியில் ஒட்டிய புதுத் தகரக் கூடு ஒன்றில், அந்த வருஷத்து லைசென்ஸுக்குப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"அறிவிருக்காடா உனக்கு? செவுத்துல மாட்டி வைக்க வேண்டிய சாமானை!"

"செவுத்துல மாட்டினா வீட்டுக்கு வர்றவன்தான் பாப்பான் அண்ணே" என்றான் லிங்கம், சிரித்துக்கொண்டே. "காகிதம் கேக்கிறவன் ரோட்டுலதானே நிக்கிறான்."

சட்டத்துக்கு வெட்டி வைத்த கண்ணாடியை எடுத்து, அந்தக் கூட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டிக் கொடுத்தேன்.