ஆந்தைப் பெட்டிக்குக் கீழே

மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டம் ஒன்றில் குடியிருக்கிறோம். என் கணவர் அங்கே பழக்குலை வெட்டுகிறார். குலையைக் கடிக்கும் எலிகளை ஒழிக்க, மரங்களுக்கு நடுவே கம்பம் நட்டு ஆந்தைகளுக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆந்தை அலறினாலே எனக்குப் பயம். "கதவச் சாத்து, வீட்டுல சாவு விழப்போவுது" என்று ஒருநாள் மகளிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தவளை, நான் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் காணவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. தோட்டமெல்லாம் பாம்பு. செருப்புக்கூட மாட்டாமல், அவள் பெயரைக் கத்திக்கொண்டே மரங்களுக்குள் ஓடினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை.

ஆந்தைப் பெட்டிக்குக் கீழே குந்தியிருந்தாள். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். அவளோ உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒரு சின்ன மண்டையோடு.

"எலி மண்டைம்மா. ஆந்தை முழுங்கிட்டு எலும்ப மட்டும் துப்பிடுது. வேற ஒண்ணும் இல்ல லா, நல்லாத் தேடிட்டேன்."

"என்னாடி தேடுன?"

"அப்பா தினமும் இங்கதானே வேல செய்றாரு? அவர அது ஏதாச்சும் செஞ்சிடுமான்னு பாக்க வந்தேன்."

ஓங்கிய கையைக் கீழே இறக்கினேன். பயத்தைக் கொடுத்தவள் நான். அதைச் சுமந்துகொண்டு தனியாக இவ்வளவு தூரம் நடந்தவள் அவள்.

ஆந்தை அலறினால் இன்றும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. "எலி மாட்டிக்கிச்சும்மா" என்கிறாள் மகள். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைக்கிறேன்.