வேலம்பாசி இலைக்குள்

சீமையிலிருந்து வரவேண்டிய மைக்ராஸ்கோப் ஒருவழியாக இன்று எங்கள் தாவரவியல் வகுப்புக்கு வந்து சேர்ந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் மாணவன் ராகவன் காவேரியில் வேலம்பாசி பிடுங்கி வந்திருந்தான். அதில் ஓர் இலையை வைத்து முதலில் நானே பார்த்தேன்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை மணிகள், சுவரை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல் நகர்ந்துகொண்டிருந்தன.

வருஷாவருஷம் இதைப் போர்டில் அம்புக்குறி போட்டு நடத்துகிறேன். அம்புக்குறியை மறந்த பையன்களுக்கு மார்க் குறைத்திருக்கிறேன். கண்ணால் கண்டது இன்றுதான்.

"சார், பெல் அடிச்சாச்சு. எங்களுக்கும் கொஞ்சம் விடுங்கோ," என்றான் ராகவன்.

விட்டேன். குனிந்தவன் லென்ஸில் கண்ணை வைத்தபடியே சொன்னான்:

"சேவிக்கறவா பிரகாரம் சுத்தற மாதிரின்னா இருக்கு, சார்."

அடுத்த வகுப்பு வாத்தியார் வந்து நின்றும் அவன் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை.

முன்பே பார்த்தவர்கள் சொல்லுங்கள்: கண்ணை எப்படி எடுத்தீர்கள்?