ரிமோட் யார் கையில் இருக்கும்?

இன்று டெமோ அக்காவைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. வீட்டு டிவிக்கு ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி வாங்கலாம் என்று கடைக்குப் போனால், பெட்டிக்குப் பதில் ஒரு கதையோடு திரும்பும்படி ஆகிவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

டெமோ அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மின்சாதனக் கடையில் மேனேஜர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் டெமோ அக்காதான். வாஷிங் மெஷின்களையும் ஃபிரிட்ஜ்களையும் தாண்டிப் போனால், கடைக்கோடியில் சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே மீன் ஒரே பக்கமாக நீந்திக்கொண்டிருக்கும். நடுவில் மேசை, மேசைமேல் உள்ளங்கை அளவுப் பெட்டிகள், பின்னால் கழுத்தில் அடையாள அட்டையோடு அக்கா. புதிதாக எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் இயக்கிக் காட்டுவது அவர்தான்.

பெட்டி வாங்க வருபவர்களுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. கம்பெனிக்காரர்கள் சொல்லும் தெளிவு, வேகம் இதையெல்லாம் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லையாம்.

"ஒரே ரிமோட்டா இருக்கணும்மா. எங்க வீட்டு சோபாவுல ரிமோட்டுங்கதான் உக்காந்திருக்கு, எங்களுக்கு எடமில்ல" என்பார் ஒருவர்.

"நடுவுல அந்த வட்டம் சுத்தக்கூடாது. அதைப் பாத்துப் பாத்து எனக்கே தலை சுத்துது" என்பார் இன்னொருவர்.

"விட்ட எடத்துலேருந்து ஓடணும். ஆனா எங்க விட்டேன்னு என் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவரும் உண்டு.

"எங்க அத்தை என்னைக் கூப்பிடாம ஆன் பண்ணணும். அது போதும் எனக்கு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள் ஒரு மருமகள்.

இவர்கள் அத்தனை பேருக்கும் அக்காவிடம் இருந்த மருந்து ஒன்றே ஒன்று. புதுப் பெட்டியோடு வரும் மெல்லிய ரிமோட்டில் எண்களே கிடையாது. நான்கு அம்புக்குறி, ஒரு வட்டம், மேலே மைக் படம் போட்ட பொத்தான். அதை அழுத்திப் பிடித்து, அக்கா தேன் ஒழுகும் குரலில் "பழைய பாட்டு போடு" என்பார். பெட்டி போடும். வந்தவர் வாய் பிளப்பார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒருநாள், பல் பிடுங்கிய கையோடு, மரத்துப்போன கன்னத்தோடு ஒருவர் வந்தார். "நானும் பேசிப் பாக்குறேன்" என்று மைக்கை அழுத்தி ஏதோ கேட்டார். பெட்டி கணீரென்று, "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை" என்றது. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். கடையே சிரித்தது, அவரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றா" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டும் போனார்.

ஆக, வாய் குழறினால் அந்தப் பெட்டிக்குப் புரியாது என்பது டெமோ அக்காவுக்கு அன்றே தெரியும். அந்தத் தெரிந்த விஷயம்தான் இப்போது அவரை அறுத்துக்கொண்டிருக்கிறது.

பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும் சலுகை முடியும் நாள் அது. கடையில் கூட்டம் நெரிந்தது. தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா காலமெல்லாம் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து எழுந்தவர். வலது கை மடங்கியே இருந்தது, வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது. மகள் கையில் அவர்களுடைய பழைய பெட்டி, எண்கள் தேய்ந்துபோன அதன் ரிமோட்டோடு.

"அப்பா நாள் பூரா டிவிதான் மேடம். கார் ரேஸ், குத்துச்சண்டை. நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு" என்றாள் மகள்.

அக்கா வழக்கம்போல மைக்கை அழுத்தினார். "கார் ரேஸ் போடு." சுவரில் மீன் மறைந்து கார்கள் சீறின. லாரிக்காரரின் முகம் மலர்ந்தது. இடது கையை ரிமோட்டுக்காக நீட்டினார். பேசிப் பார்க்க வாயையும் திறந்தார்.

அந்த ஒரு நொடியில் அக்காவுக்குப் பல் பிடுங்கியவர் நினைவுக்கு வந்தார். சற்றுத் தள்ளி மேனேஜர் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா ரிமோட்டை நாசூக்காகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க ஏன் ஐயா சிரமப்படுறீங்க, நானே சொல்றேன்" என்று சிரித்தார். "குத்துச்சண்டை போடு" என்றார். பெட்டி போட்டது. நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. அக்கா மகள் பக்கம் திரும்பினார். மகள் தலையாட்டினாள். வியாபாரம் முடிந்தது.

"மரியாதையா பேசுற மாதிரி பேசி ஏமாத்திட்டேன்" என்கிறார் அக்கா. அவர் அழவில்லை, மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் தனியாகக் கடைக்கு வந்தாள். சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால் அக்காவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"இதுல வாயைத் தொறந்து பேசாம சேனல் மாத்த வழி இருக்கா மேடம்?"

"அம்புக்குறி இருக்கே."

"எங்க போய் நிக்குதுன்னு அவருக்குப் புடிபடல. பழசுல நம்பர் அடிப்பாரு. நம்பரெல்லாம் மனப்பாடம்." கொஞ்சம் தயங்கினாள். "அதுகூடப் பரவால்ல. அப்பா பேசறதையே விட்டுட்டாரு."

அப்புறம் அவள் சொன்னது இதுதான். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் தினமும் பயிற்சி செய்து, திக்கித் திணறி நான்கு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தார். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிவிட்டது, டக்கென்று புரிந்துவிடும். அதனால் தன் பேச்சு பழையபடி ஆகிவிட்டது என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையோடுதான் மைக்கை அழுத்தியிருக்கிறார். பெட்டி, "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை" என்றிருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னார். சத்தமாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அதே கணீர்க் குரல், அதே பதில்.

"கடைசியில எங்க அம்மாவைப் பாத்து, 'எனக்குப் பேச வரலையா?'ன்னு கேட்டாரு மேடம். அம்மா என்ன சொல்லுவாங்க. வருது வருதுன்னாங்க. அவரு நம்பல. நாங்க இத்தனை நாளா பொய் சொல்லிட்டிருந்தோம்னு நெனைச்சுக்கிட்டாரு. அன்னிக்கு மூடின வாய்தான்."

அக்கா "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டுக் கிடங்குக்கு ஓடினார். சலுகையில் அவர்கள் கொடுத்த பழைய பெட்டி இன்னும் இருக்கிறதா என்று தேடினார்.

"அதெல்லாம் இணைப்பை வெட்டி அனுப்பியாச்சு. எடுத்து வந்தாலும் வெறும் டப்பா" என்றார் கிடங்குக்காரர். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்பர் இருக்கிற ரிமோட்டுதானே வேணும்? குண்டு ரிமோட்டைக் குடேன்" என்றார்.

"எது?"

"புதுப் பெட்டிக்குன்னு தனியா வந்துச்சே, பெரிய பெரிய பட்டனோட. பாக்க அசிங்கமா இருக்குன்னு மேனேஜர்தான் கீழ்த்தட்டுல போடச் சொன்னாரு. நீதான் டெமோ, உனக்குத் தெரியாதா?"

தெரியும். வந்த அன்று பார்த்துச் சிரித்ததும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒருவரிடமும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

தானே வந்து இணைத்துத் தருவதாக அந்தப் பெண்ணிடம் சொன்னபடி, வார விடுமுறையன்று அக்கா குண்டு ரிமோட்டோடு அந்த வீட்டுக்குப் போனார். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தது அந்தப் பெண்ணின் அம்மா. மேலும் கீழும் பார்த்தார்.

"கடையில பேசுன பொண்ணு நீதானா?"

"ஆமாம்மா."

"நல்லா பேசுவியாமே. வா, உள்ள வந்து கொஞ்சம் பேசு. இங்க பேச்சுச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாச்சு."

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டே அக்கா உள்ளே போனார். சின்னக் கூடம். காய்ந்த துணி ஒரு நாற்காலி நிறைய. டிவிக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார் லாரிக்காரர். மெல்லிய ரிமோட் டிவிக்கு மேலே கிடந்தது, அதன் மைக் பொத்தான்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று கேட்கும் தைரியம் அக்காவுக்கு இல்லை.

முதலில் பெட்டியின் குரல் பதிலை நிறுத்தினார். செட்டிங்ஸுக்குள் போய்க் குரல் அளவைக் காட்டும் கோட்டை இடப்பக்கம் தள்ளினால் போதும், பெட்டியின் வாய் மூடிவிடும். இவ்வளவு சுலபமான வேலையை அன்று கடையிலேயே செய்து கொடுத்திருக்கலாம் என்று அப்போதுதான் உறைத்தது. பிறகு குண்டு ரிமோட்டை இணைத்து, லாரிக்காரரின் இடது கையில் வைத்தார். மகள் நாற்காலியை டிவி பக்கம் திருப்பினாள்.

அவர் ரிமோட்டைத் தடவிப் பார்த்தார். கட்டைவிரல் எண்களைத் தேடி அழுத்தியது. திரையில் கார்கள் வந்தன. முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் உடம்பு, வளைவில் லாரியைத் திருப்புவதுபோலக் கொஞ்சம் சாய்ந்தது.

அக்கா அத்தோடு கிளம்பியிருக்கலாம். மகள்கூட "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டாள். அந்த நன்றிதான் தாங்கவில்லை.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்று அவர் முன்னால் போய் நின்றார். "அன்னிக்கு நீங்க ரிமோட்டுக்குக் கையை நீட்டுனீங்க. நான் குடுக்கல. நீங்க பேசுனா அதுக்குப் புரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வித்தேன். நீங்க சிரமப்படக் கூடாதுன்னு சொன்னது பொய். எனக்கு அந்த வியாபாரம் போயிடக் கூடாது, அவ்வளவுதான்."

மகளின் முகம் மாறியது. அவளுக்கு இது தெரியாது. அம்மா கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே நின்றார்.

லாரிக்காரர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். வாய் கோணியது. ஏதோ ஒரு சத்தம் வந்தது.

அக்காவுக்குப் புரியவில்லை. பழக்க தோஷத்தில் மகள் பக்கம் திரும்பினார், கடையில் திரும்பியதுபோலவே.

"என்னை ஏன் பாக்குறீங்க" என்றாள் மகள். குரலில் இப்போது நன்றி இல்லை. "அவருகிட்டயே கேளுங்க."

அக்கா குனிந்தார். "எனக்குக் காதுல சரியா விழல ஐயா. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மறுபடி சொன்னார். பாதிதான் பிடிபட்டது. "மன்னிச்சுக்குங்க, இன்னும் ஒரே ஒரு வாட்டி." அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் தள்ளித் தள்ளி வெளியே விட்டார்.

"த... தள்... ளு. மறைக்... கிற."

அக்கா நின்றது டிவிக்கு நேர் முன்னால். பின்னால் பந்தயம் கடைசிச் சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது.

பதறி விலகினார். அம்மா துணியை முகத்தில் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அங்கிருந்து வந்தது சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. மகள் சுவரோடு சாய்ந்து நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தார்.

"மன்னிச்சாரா இல்லையான்னு இன்னும் எனக்குத் தெரியாது" என்கிறார் அக்கா. "மறைக்கிறதுக்குத் திட்டுனாரா, வித்ததுக்குத் திட்டுனாரா, அதுவும் தெரியாது. போன் பண்ணி மறுபடி கேக்க வெக்கமா இருக்கு." மகள்தான் ஒருமுறை கூப்பிட்டாளாம். அப்பா வீட்டில் ஓரிரு வார்த்தை பேசுகிறார், வெளியாள் வந்தால் இன்னும் வாயை மூடிக்கொள்கிறார் என்றாளாம். பேச்சு முழுக்க ஒரு தடவைகூட 'மேடம்' என்று சொல்லவில்லையாம்.

புதுப் பெட்டி தயாரிக்கப் போகிறோம், வாங்குபவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போன மாதம் கம்பெனியிலிருந்து இருவர் வந்திருக்கிறார்கள். அக்கா சொன்னது ஒன்றுதான். "புரியலைன்னா, நீங்க சொன்னது புரியலன்னு சொல்லாதீங்க. எனக்குச் சரியா கேக்கலைன்னு சொல்லச் சொல்லுங்க. தப்பைப் பெட்டி தன் மேல போட்டுக்கட்டும். அதுக்கு என்ன, வெறும் பெட்டிதானே." வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்களாம்.

இப்போது யார் வந்தாலும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "வீட்டுல ரிமோட் யார் கையில இருக்கும்?" என்பதுதான். அப்பாவிடம், மாமியாரிடம், படுக்கையில் இருக்கும் தம்பியிடம் என்று பதில் வந்தால், "அவங்களைக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் விக்கிறேன்" என்று அனுப்பிவிடுகிறார். போனவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கடையில் வாங்கிவிடுகிறார்கள். மேனேஜர் பல்லைக் கடிக்கிறார். இன்று இதை எழுதும் கை வெறுங்கையாகத் திரும்பியதும் அந்தக் கேள்வியால்தான். எங்கள் வீட்டில் ரிமோட் இருப்பது அம்மாவிடம். அம்மாவை யாரும் கேட்கவே இல்லை.

உங்கள் வீட்டிலும் பெட்டி மாற்றும் யோசனை இருந்தால், ரிமோட்டைப் பிடிக்கப் போகிறவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் சும்மா நில்லுங்கள். பெட்டி வாங்கப் போகிற யாரையாவது தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள், அவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால்.