ஒட்டிய கதவும் பச்சை வளையங்களும்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் மீன் வாங்கியதே இல்லை. பழகிய கடைக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆய்வுக்கூடத்திலும் எனக்கு இதே புத்திதான்.

மீன் தோலில் கோடுகளும் சிறுத்தை உடம்பில் புள்ளிகளும் யாரும் வரையாமலே வருகின்றன. பக்கத்துச் செல்கள் இரசாயனத்தால் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் அப்படி வருகிறது என்கிறார்கள். அந்தப் பேச்சை பாக்டீரியாவுக்குள் மரபணுவாக நுழைத்தால் அதுவும் கோலம் போடுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

ஒரு காலை என்னோடு வேலை செய்யும் பெண் பாக்டீரியா வளர்த்த ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்தாள். பச்சையாக ஒளிரும் வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக. எல்லோரும் படம் பிடித்தார்கள். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, வளையம் வந்தால்தான் நீட்டிப்பார்கள் என்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

"கையால ஏதும் ஊத்தினியா?" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "நீங்களே செஞ்சு பாருங்க லா, அண்ணா."

செய்தேன். அவளுடைய பாக்டீரியா ஒரு தட்டில், அந்தப் பேச்சு மரபணு இல்லாமல் சும்மா ஒளிர்வது இன்னொன்றில். இரண்டையும் வெதுவெதுப்பான இன்குபேட்டர் பெட்டியில் வைத்துவிட்டு, யாராவது கை வைப்பார்களோ என்று போகும்போதும் வரும்போதும் திறந்து பார்த்தேன். மறுநாள் இரண்டிலுமே வளையம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"சும்மா இருக்கிறதே வளையம் போடுதே!" என்றேன்.

"எத்தனை தடவை கதவைத் திறந்தீங்க?" என்று கேட்டாள்.

எண்ணிப் பார்த்தேன். திறந்தபோதெல்லாம் ஏசிக் குளிர் உள்ளே போயிருக்கிறது. குளிர் பட்ட நேரத்தில் வளர்ந்த பகுதி மட்டும் கூடுதலாக ஒளிர்ந்து வளையமாக நின்றிருக்கிறது.

வெள்ளிக்கிழமை புதிதாக இரண்டு தட்டுகள் வைத்து, கதவை டேப்பால் ஒட்டி, அதன்மேல் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் பூன் லேயில் இருக்கும் என் வீட்டில் இதே நினைப்புதான். அவள் வேலை போய்விடக் கூடாது என்றும் இருந்தது, என் சந்தேகம் தோற்றுவிடக் கூடாது என்றும் இருந்தது.

திங்கள் காலை கதவின் முன் நின்றோம். யாராவது பிரித்து ஒட்டியிருப்பார்களோ என்று என் விரல் தானாகவே டேப்பின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

உள்ளே சும்மா தட்டில் ஒன்றுமே இல்லை. அவளுடையதில் வளையங்கள் பளிச்சென்று இருந்தன.

ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். தினமும் தேநீர் வேளையில் "தே குடிக்கப் போலாமா அண்ணா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது தனியாகப் போகிறாள். எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. நான் அறையில் இருக்கும்போது தட்டு வைக்க நேர்ந்தால், கதவை டேப்பால் ஒட்டிவிட்டு, கையெழுத்துப் போட என்னிடம் பேனாவை நீட்டுகிறாள்.